எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் செல்லைப் பார்த்தவர்கள், மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

பாலக்கோட்டுக்காரன்:
எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்ப்புதான் தொழில். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு ஐந்தாம் பருவப் புழுவின் பட்டுச் சுரப்பியில் பின்பகுதியை எடுத்துக்கொண்டேன், பெங்களூரில் ஒரு லேபில் காசு கட்டிப் படம் எடுத்தோம், மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. திரையில் படம் வந்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஒரே செல்லுக்குள் ஏழெட்டு நியூக்ளியஸ்! ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சவ்வு, சவ்வில் துளைகள், ஒன்றும் குறையில்லை. உலகத்தில் யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆபரேட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தம்பி, அது ஒண்ணுதான். கெளை கெளையா பரவியிருக்கும், நீ கெளைகளைக் குறுக்கால வெட்டியிருக்கே" என்றார். மல்பெரிக்குக் கவாத்து பண்ணியே வளர்ந்தவன், வெட்டின இடத்தில் ஒவ்வொரு கொப்பும் தனி வட்டமாகத்தான் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். ஊருக்கு வந்து அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சாம்பலாட்டம் இருக்குது, இதுல பட்டு எங்கடா?" என்று கேட்டது. செல் தயாரிக்கும் புரதத்தைப் பொட்டலம் கட்டும் கோல்கை உறுப்புக்குப் பக்கத்துப் பைகளில் இழை இழையாக இருந்ததைக் காட்டினேன், நம்பவில்லை.

அரூர் டீச்சர்:
ஏழெட்டு நியூக்ளியஸ் இருந்தால் அது கண்டுபிடிப்பா தம்பி? எலும்புத் தசை நார் ஒன்றில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, பதினொன்றாம் வகுப்பிலேயே வருகிறதே. எம்.எஸ்சி. வரை போய் அதை மறக்கலாமா.
என் கதை சின்னது. கன்னத்தின் உட்பக்கத்தைச் சுரண்டி, மெத்திலீன் நீலம் விட்டு, பள்ளி மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். ஒரு பையன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "மிஸ், ஆரஞ்சு கலர்ல அவரைக்கொட்டை மாதிரி மைட்டோகாண்ட்ரியா இருக்கும்னீங்களே, காணோம்" என்றான். ஒளி மைக்ராஸ்கோப்பில் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும், உள்மடிப்புகளை எல்லாம் எலக்ட்ரானில்தான் பார்க்க முடியும், அந்தப் படமும் கறுப்பு வெள்ளைதான், கலர் பிறகு பூசுவது என்று எல்லாம் சொன்னேன். "அப்ப நீங்க அதுல பாத்திருக்கீங்களா மிஸ்?" என்றான். பத்தொன்பது வருஷமாக இதே பாடம் எடுக்கிறேன். இல்லை என்று சொல்லிவிட்டுப் போர்டைத் துடைத்தேன்.

ஓசூர் 94:
ஆட்டு ஈரல் படம் முழுக்கக் கரும்புள்ளி. ஈரல் சேமிக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் என்று கைடு குஷியாகிவிட்டார், செமினாரில் வேறு காட்டினோம், அங்கே ஒருவர் எழுந்து "அது உங்க மூச்சுக்காத்து" என்றார். ஆமாம், மூச்சிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நாம் வைக்கும் ஈயச் சாயம், லெட் சிட்ரேட், கார்பனேட்டாகிப் படிந்துவிடும். அதனால் தயவுசெய்து கேளுங்கள்: சாயம் வைக்கும்போது பெட்ரி தட்டுக்குள் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைப் போட்டு மூடி வையுங்கள், அதன் மேல் குனிந்து பேசாதீர்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள். அப்புறம், கறிக்கடையில் ஈரல் வாங்கி வந்து பதப்படுத்தாதீர்கள், வீடு வருவதற்குள் மைட்டோகாண்ட்ரியா உப்பிப் போயிருக்கும். சில நிமிடத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் துண்டாக வெட்டி, பதப்படுத்தும் குளுட்டரால்டிஹைடில் போடுங்கள், பிறகு ஆஸ்மியம் கரைசல், சவ்வைக் கறுப்பாக்குவது அதுதான், ஆவி கண்ணில் படக்கூடாது. கடைசியில் படம் எடுக்க மெல்லிசாகச் சீவின சீவல் தண்ணீரில் வெள்ளி நிறமாக மிதந்தால் எடுங்கள், ஊதாவாக இருந்தால் தடிமன் அதிகம், விட்டுவிடுங்கள்.

ஊத்தங்கரை:
ஓசூர் அண்ணா, இங்கே யாரும் சாயம் வைக்கப் போவதில்லை.
மிஸ், நீங்கள் பார்க்காததில் ஒன்றும் குறையில்லை. கோல்கை என்ற விஞ்ஞானி 1898-ல் வெள்ளிச் சாயம் போட்டுச் சாதா மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்ன, இப்போது அவர் பெயரிலேயே இருக்கும் உறுப்பை, அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சாயத்தின் கோளாறு என்று சொன்னவர்கள் உண்டு. 1950-களில் எலக்ட்ரான் படம் வந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

பாலக்கோட்டுக்காரன்:
டீச்சர், தசை நார் பல செல்கள் ஒன்று சேர்ந்து உண்டாவது. பட்டுச் சுரப்பி செல் அப்படிச் சேர்வதில்லை, பிரியாமலே டிஎன்ஏவை மட்டும் லட்சம் மடங்கு பெருக்கிக்கொண்டு ஊதுகிறது. அதனால்தான் குழம்பினேன், மறந்து அல்ல. படத்தின் பிரிண்ட் இன்னும் வீட்டில் இருக்கிறது, அந்தப் பையனுக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஓரத்தில் அம்மா பால் கணக்கு எழுதியிருக்கும், பரவாயில்லை என்றால்.