எக்ஸ்டென்ஷன்: விரிவாக்கமா, வழித்துணையா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வேளாண் பல்கலைக்கழகங்களிலும் கேவிகேக்கள் எனப்படும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் எக்ஸ்டென்ஷன் வேலை, அதாவது ஆராய்ச்சியில் கண்டதை உழவரிடம் கொண்டுபோகும் வேலை பார்ப்பவர்களுக்காக மாதம் ஒரு செய்திமடல் தொகுக்கிறேன். புதிய ரகங்கள், பயிற்சித் தேதிகள், பூச்சி எச்சரிக்கை, எந்தக் கையேடு எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அதில் வரும். பெரும்பாலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. செயல்விளக்கத் திடல், இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி, இலை வண்ண அட்டை எல்லாம் உழவர் வாயிலேயே புழங்குகின்றன. மடலின் தலைப்பில் இருக்கிற 'விரிவாக்கம்' மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. எக்ஸ்டென்ஷனுக்கு வேறு தமிழ்ச் சொல் உண்டா என்று கேட்டுப் போன வாரம் இந்த இழையைத் தொடங்கியது அதனால்தான். வந்த பதில்களுக்கெல்லாம் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

> விரிவாக்கம் பல காலமாகப் புழங்கும் சொல். பாடத்திலும் பலகையிலும் இருக்கிறது. இப்போது அதில் என்ன குறை?

குறை எனக்கு உறைத்தது ஒரு கிராமத்துக் கூட்டத்தில். டெல்டாப் பக்கம், வேப்பமரத்தடியில் 'வேளாண் விரிவாக்கக் கூட்டம்' என்று துணிப் பேனர் கட்டியிருந்தோம். ஒரு அம்மா வந்தார், பேனரைப் படித்தார், உட்காரவில்லை. "தம்பி, எந்தப் பக்கமா விரிவாக்குறாங்க? எங்க கொல்லையும் போகுதா?" என்று கேட்டார். அந்த வருஷம்தான் அந்த ஊர்ச் சாலை ஓரமாக அளவுக்கல் நட்டிருந்தார்கள். அவர் கேட்டது முழுக்க நியாயம். சாலை விரிவாக்கம், விமான நிலைய விரிவாக்கம், சுரங்க விரிவாக்கம் என்றுதான் நாளேட்டில் படிக்கிறோம். உழவருக்குத் தெரிந்த விரிவாக்கம் நிலத்தை எடுத்துக்கொள்வது. அதே சொல்லைப் பேனரில் எழுதிவிட்டு அவர் வந்து உட்கார வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

ஊரில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதும் இல்லை. அக்ரி ஆபீஸ், டிப்போ, ஏஓ சார், கேவிகே மேடம். அவ்வளவுதான்.

> எக்ஸ்டென்ஷன் என்றால் நீட்டிப்பு, விரிவு. நேர்ப்பொருள் சரியாகத்தானே இருக்கிறது?

நேர்ப்பொருள் சரிதான். ஆனால் எதை விரித்தார்கள் என்று பாருங்கள். 1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் வகுப்பில் சேர முடியாதவர்களுக்காக வெளியூர்களில் சொற்பொழிவு நடத்தத் தொடங்கியது. அதைத்தான் பல்கலைக்கழக எக்ஸ்டென்ஷன் என்றார்கள். பிறகு அமெரிக்கா 1914-இல் ஸ்மித்–லீவர் சட்டத்தின் வழியாக, மாநிலங்களின் வேளாண் கல்லூரிகள் குடியானவர்களிடம் போய்ச் சேர ஒன்றிய அரசின் பணத்தை ஒதுக்கியது. அங்கிருந்து சொல் நமக்கு வந்தது, 1953-இல் தேசிய எக்ஸ்டென்ஷன் சேவை தொடங்கியது. இந்தக் கதை முழுவதிலும் விரிவது பல்கலைக்கழகம். உழவர் எங்கே நிற்கிறார் என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை. நிறுவனம் தன்னைப் பார்த்துத் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது.

மற்ற மொழிக்காரர்கள் எல்லாரும் இதை அப்படியே பெயர்த்துக்கொள்ளவில்லை. டச்சு மொழியில் வழிக்கு முன்னால் வெளிச்சம் காட்டுதல் என்ற பொருளில் ஒரு சொல் வைத்தார்கள். இந்தோனேசியாவில் 'பென்யுலுஹான்' என்கிறார்கள், 'சுலுஹ்' என்றால் தீப்பந்தம். ஜெர்மன்காரர்கள் ஆலோசனை என்ற பொருளில் 'பெராட்டுங்' என்கிறார்கள். இலங்கையில் நம்மவர்கள் இந்தப் பணியாளரை 'விவசாயப் போதனாசிரியர்' என்று அழைப்பதை நம் குழுமத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா நினைவூட்டினார். அந்தச் சொல்லில் மனிதர் ஒருவர் இருக்கிறார், அதனால் எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் போதிப்பவர் மேலேயும் கேட்பவர் கீழேயும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வந்த பரிந்துரைகளில் 'பரவலாக்கம்' அதிகாரப் பரவலாக்கத்தோடு முட்டும். 'கொண்டுசேர்ப்பு' மூட்டை இறக்குவது போல ஒலிக்கிறது. 'வழிகாட்டல்' நல்ல சொல், ஆனால் வேலைவாய்ப்பிலிருந்து கோயில் சுற்றுலாவரை எல்லாவற்றுக்கும் போய்விட்டது.

> ஆற்றுப்படை என்று அழகான சொல் இருக்கும்போது வேறு எதற்கு?

இந்தப் பதிலில்தான் நான் நெடுநேரம் நின்றேன். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வருபவனுக்கு, தான் போன வழியையும் கண்ட வள்ளலையும் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ' என்கிறது தொல்காப்பியம். நம் துறையில் உழவரிடமிருந்து உழவருக்குப் போகும் கல்வி என்கிறோமே, அது அச்சு அசலாக இதுதான்.

ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். நெல்லுக்கு யூரியா எப்போது போடுவது என்று பார்க்க, பச்சையின் அடர்த்திக்கு ஏற்ப எண் போட்ட இலை வண்ண அட்டை கொடுக்கிறோம். நடவு முடிந்த 14-ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், மேலிருந்து மூன்றாவது இலையை அட்டையின் பச்சையோடு ஒப்பிட வேண்டும். 10 இடத்தில் பார்த்து 6 இடத்தில் பச்சை அந்த ரகத்துக்கு உரிய எண்ணைவிடக் குறைந்தால் மட்டும் தழைச்சத்து போடலாம். ஒரு காலை வேளை, வரப்பில் ஒருவர் இலையைப் பறிக்காமல் அட்டைமேல் கிடத்தி, வெயில் நேரே விழாமல் தன் உடம்பால் நிழல் கொடுத்துக்கொண்டு, பக்கத்து வயல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "உன்னுது வெள்ளைப் பொன்னி, உனக்கு 3 போதும். என்னுதுக்குத்தான் 4." ரகத்துக்கு ரகம் அளவு மாறும் என்பதைப் பயிற்சியில் நான் படம் போட்டுச் சொன்னபோது பாதிப்பேருக்குப் பிடிபடவில்லை. அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

ஆகவே, உழவர் உழவருக்குச் சொல்வதை 'உழவர் ஆற்றுப்படை' என்றே மடலில் எழுதப் போகிறேன். ஆனால் துறை முழுவதற்கும் அந்தச் சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன். மனநல ஆலோசகரை ஆற்றுப்படுத்துநர் என்று அழைப்பது இப்போது நிலைத்துவிட்டது, குழப்பம் வரும். அதோடு, இலக்கியம் படிக்காதவர் காதில் அது 'ஆற்றில் நிற்கும் படை' என்று விழக்கூடும்.

'ஆறு' என்றால் வழி. அந்த வழியைப் பிடித்துக்கொண்டே போனபோது கிடைத்தது 'வழித்துணை'.

இதற்கு அகராதி தேவைப்படாது. "இருட்டிப் போச்சு, வழித்துணைக்கு வா" என்பது இன்றும் பேச்சில் இருக்கிறது. வழித்துணை வருபவர் முன்னால் நின்று போதிப்பதில்லை, கூட நடக்கிறார். போகிற இடத்தை முடிவு செய்வது மற்றவர். நல்ல எக்ஸ்டென்ஷன்காரர் செய்வது இதைத்தானே? வேலூர் அருகே விரிஞ்சிபுரத்தில் மார்க்கபந்தீசுவரரைத் தமிழில் வழித்துணைநாதர் என்பார்கள், மிளகு வணிகருக்குத் துணையாக நடந்து வந்த சாமி என்பது கதை. வேலூர் மாவட்டத்துக் கேவிகே இருப்பதும் அதே விரிஞ்சிபுரத்தில்தான். இந்தப் பொருத்தத்தைக் கவனித்தபோது மனசு நிறைந்துவிட்டது.

சரி, கலைச்சொல்லாக நிற்குமா? கிளைச் சொற்கள் பிறக்கின்றனவா என்று போட்டுப் பார்த்தேன். வேளாண் வழித்துணை, வழித்துணைப் பணி, வழித்துணைக் கல்வி, வழித்துணை மையம், கால்நடை வழித்துணை. எதுவும் நாக்கில் இடறவில்லை. வினையும் உண்டு. 'அவர் எங்களுக்கு வழித்துணை வந்தார்' என்று சொல்லலாம். 'அவர் எங்களை விரிவாக்கினார்' என்று யாராலும் சொல்ல முடியாது.

> பலகைகளை எல்லாம் யார் மாற்றுவது? மாணவர் தேர்வில் எதை எழுதுவார்?

பலகையை மாற்றச் சொல்லவில்லை. நாட்டின் முதல் கேவிகே 1974-இல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 700-க்கும் மேல் இருக்கின்றன. ஆணைகளிலும் பட்டப்படிப்புப் பெயர்களிலும் விரிவாக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது, உழவர் கண்ணில் படுகிற இடங்களுக்கு மட்டும்: பேனர், துண்டறிக்கை, அழைப்பிதழ், வானொலிப் பேச்சு, எங்கள் மடல். அங்கே புழங்கிப் பிடித்தால் பாடப்புத்தகத்துக்குத் தானாகப் போகும். பிடிக்காவிட்டால் கைவிடலாம்.

முடியாமல் இருப்பது ஆளைக் குறிக்கும் சொல். 'வழித்துணைவர்' வேண்டாம், கணவர் மனைவி நினைவு வந்துவிடும். 'வழித்துணையர்' ஆண் பெண் இருவருக்கும் பொருந்துகிறது, ஆனால் புதிதாக ஒலிக்கிறது. 'வழித்துணை அலுவலர்' எளிது, ஆனால் அலுவலர் என்றதும் மேசை ஒன்று நடுவில் வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து அக்காவும், மலேசியத் தோட்டங்களில் பணிபுரிந்த ஐயாவும் இதைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும். அடுத்த மடல் 20-ஆம் தேதி அச்சுக்குப் போகிறது, அதற்குள் ஒரு சொல் கிடைத்தால் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
மடல் தொகுப்பாளர்