ஃப்ரெண்ட்ஸ் நையாண்டி மியூசிக்கல்: அரங்கம் எங்கே சிரிக்குது, எங்கே நழுவுது

குழு: நம்ம வீட்டு நாடக ரசிகர்கள் 🎭

[மாலை 7:04] கவிதா சித்தி: ஃப்ரெண்ட்ஸ்ங்கற அமெரிக்க காமெடி டிவி தொடரை வெச்சு 2017ல நியூயார்க்ல நையாண்டி மியூசிக்கல் (பாட்டோட போற கேலி நாடகம்) போட்டாங்களே, அந்த மாதிரி நாடகத்துக்கெல்லாம் பக்கத்துப் பக்கத்து சீட்ல ஒருத்தர் விழுந்து விழுந்து சிரிக்கறார், இன்னொருத்தர் முழிக்கறார். ஏன்?

[7:09] முரளி மாமா: ரெண்டு வகை சிரிப்பு இருக்கு கவிதா. ஒண்ணு, "அட, இது அதுதானே"ன்னு அடையாளம் தெரிஞ்சதும் வர்றது. தொடர்ல வர்ற காபி கடையோட ஆரஞ்சு சோஃபா, நாயகி ரேச்சலோட ஹேர்கட், அவ காதலன் ராஸ் சொல்ற "வி வேர் ஆன் எ பிரேக்" (நாம அப்போ பிரிஞ்சுதானே இருந்தோம்). காட்டினாலே அரங்கம் அதிரும், ஆனா சில விநாடிதான் நிக்கும். 236 எபிசோடை ஒரே சாயங்காலத்துல அடைக்கப் பார்த்தா இந்த வகையே குவியும். தொடர் பார்க்காதவங்க அங்கதான் கழண்டுக்கறாங்க.

[7:11] முரளி மாமா: இன்னொண்ணு குணத்துல இருந்து வர்றது. எல்லாம் அவ சொன்ன இடத்துலதான் இருக்கணும்ங்கற மோனிகா பாத்திரத்தோட பிடிவாதம் ஒரு பாட்டு முழுக்க ஏறிக்கிட்டே போனா, எபிசோடே தெரியாதவங்களும் சிரிப்பாங்க. நல்ல நையாண்டிக்கு இதுதான் உயிர்.

[7:15] தீபா: பாட்டு வரியே காதுல விழலைன்னும் சொல்றாங்களே மாமா?

[7:21] சுந்தர் அண்ணா: அது டைமிங் கோளாறு தீபா. அசல் தொடரை கலிஃபோர்னியாவுல பர்பாங்க் ஊர் ஸ்டூடியோவுல ஏறக்குறைய 300 பேரை உட்கார வெச்சு எடுத்தாங்க. சிரிப்பு இறங்கற வரைக்கும் நடிகர்கள் நின்னாங்க. ஜோக் எடுபடலைன்னா எழுத்தாளர்கள் அங்கேயே வரியை மாத்திக் கொடுப்பாங்க, மறுபடி எடுப்பாங்க. மேடையில பேண்ட் ஓடிக்கிட்டே இருக்கு. பஞ்ச் வரியோட நடுவுல வந்துட்டா, அடுத்த ரெண்டு வரியைச் சிரிப்பே முழுங்கிடும்.

[7:22] தீபா: சரி பண்ண முடியுமா?

[7:26] சுந்தர் அண்ணா: முடியும். பஞ்ச் வரியோட கடைசிச் சொல்லா விழணும். அதுக்கப்புறம் ரெண்டு பார் (தாளத்துல ரெண்டு சுத்து) வெறும் வாத்தியம், தேவைன்னா அதையே சுத்திச் சுத்தி வாசிக்கணும். சிரிப்பு உச்சிக்குப் போய் பாதி இறங்கும்போது அடுத்த வரியை எடுக்கணும். முழுசா அடங்க விட்டா சூடு ஆறிடும். ரெக்கார்டட் டிராக்ல இது நடக்காது. இடைவெளி எப்பவும் ஒரே அளவு. கூட்டம் நிறைஞ்ச அன்னிக்குப் பத்தாது, காலி சீட் அதிகமா இருந்தா மௌனம் தெரியும்.

[7:30] கவிதா சித்தி: தொடரோட தொடக்கப் பாட்டுல வர்ற நாலு கைதட்டு? அதுக்கு எல்லாரும் தயாரா இருப்பாங்களே!

[7:33] முரளி மாமா: அந்த மெட்டை அப்படியே எடுக்க உரிமை வாங்கணும், இல்லேன்னா வழக்கு வரலாம். அதனால சாயல்ல புது மெட்டு போடறதுதான் பாதுகாப்பு. ஆனா அந்தக் கைதட்டு இடத்தை மட்டும் காலியா விட்டா போதும். மேடையில யாரும் தட்ட வேண்டாம், அரங்கமே தட்டும். நடிகர் முந்திக்கிட்டுத் தட்டினா அந்தச் சந்தோஷம் போயிடும்.

[7:35] தீபா: நையாண்டிக்கே வழக்கு போட முடியுமா?

[7:38] முரளி மாமா: கோர்ட் வரைக்கும் போயிருக்கு. "த்ரீஸ் கம்பெனி"ங்கற பழைய அமெரிக்க காமெடித் தொடரை நையாண்டி பண்ணி 2012ல "3சி"ன்னு ஒரு நாடகம் வந்துது. உரிமைதாரங்க எதிர்த்தாங்க. 2015ல நியூயார்க் ஃபெடரல் கோர்ட் நாடகம் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு.

[7:44] சுந்தர் அண்ணா: டாக்குமெண்டரி மாதிரியே எடுத்த "தி ஆபீஸ்" காமெடித் தொடரோட நையாண்டிக்குக் கணக்கே வேற. அசல்ல பின்னணிச் சிரிப்பே கிடையாது. அதுல வர்ற ஊழியர் ஜிம் கேமராவைத் திரும்பிப் பார்க்கற அந்த மௌனம்தான் ஜோக். மேடையில கேமரா இடத்துல நாமதான். அவர் நம்மைப் பார்க்கற விநாடியில பேண்ட் சுத்தமா நிக்கணும். அங்க மெல்லிசா பியானோ ஓட விட்டாலும் சிரிப்பு வராது.

[7:47] கவிதா சித்தி: ஃப்ரெண்ட்ஸே பார்க்காத ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகணும்னா?

[7:50] தீபா: நாலு எபிசோட் போதும் சித்தி. முதல் எபிசோட், கல்யாண கவுனோட ரேச்சல் காபி கடைக்குள்ள ஓடி வர்றது. மூணாவது சீசன் 15, 16, அந்த "பிரேக்" சண்டை. அஞ்சாவது சீசன் 14, மோனிகா-சாண்ட்லர் ரகசியக் காதல் வெளியில வர்றது. நேரம் இருந்தா நாலாவது சீசன் 12, வினாடி வினா.