நிக்கான் எஃப்80: மோட்டார் சத்தம் வருது, லென்ஸ் அசையல

மாமா கொடுத்த ஃபிலிம் கேமரா, நிக்கான் எஃப்80. லென்ஸ் 50எம்எம் 1.8டி. சத்துவாச்சாரி வீட்டு பீரோவில் பல வருஷம் சும்மா கிடந்தது, அதனால கேமராவைக் குறை சொல்ல மாட்டேன்.

ரெண்டு வாரம் முன்னாடி வேலூர் கோட்டை அகழி ஓரமா நின்னு எடுத்தப்போ நல்லாத்தான் ஃபோகஸ் ஆச்சு. 11 படம் முடிஞ்சது. போன ஞாயிறிலிருந்து பட்டனைப் பாதி அழுத்தினா விர்ர்னு மோட்டார் சத்தம் மட்டும் வருது, லென்ஸ் வளையம் ஒரு இம்மி கூட நகரல. ஃபோகஸ் சுவிட்சை 'எஸ்'ல (ஆட்டோஃபோகஸ்) வெச்சா ஷட்டரும் விழாது. 'எம்'ல (மேனுவல்) வெச்சு கையால திருப்பினா வியூஃபைண்டர்ல ஃபோகஸ் ஆயிடுச்சுன்னு காட்டுற பச்சைப் புள்ளி சரியா எரியுது, ஷட்டரும் விழுது. ஆக ஃபோகஸ் சென்சார் நல்லாத்தான் இருக்கு.

புது சி.ஆர்.123ஏ பேட்டரி ரெண்டு போட்டாச்சு (ஊர்ல கிடைக்கல, ஆன்லைன்ல வாங்கினேன்). லென்ஸைக் கழற்றி, மின்தொடர்புப் புள்ளிகளைத் துடைச்சு, 'டக்'னு பூட்டுற வரைக்கும் மாட்டிப் பார்த்தேன். கேமரா மவுண்ட்ல (லென்ஸ் மாட்டுற வளையம்) லென்ஸைத் திருப்புற ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒண்ணு இருக்கே, அது 'எஸ்'ல வெளியே வருது, 'எம்'ல உள்ளே போகுது. லென்ஸ் இல்லாம மோட்டார் ஓடவே மாட்டேங்குது. மாட்டிப் பார்க்க வேற லென்ஸும் இல்ல. இங்க ரிப்பேர் கடையில "ஃபிலிமா? டிஜிட்டல் மட்டும்தான் தம்பி"ன்னுட்டார்.

சென்னைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும்: கோளாறு பாடியிலயா லென்ஸ்லயான்னு பார்க்க, லென்ஸ் பின்னாடி அந்த முனை பொருந்துற சின்னத் திருகுக் காடியை ஸ்க்ரூடிரைவரால கையாலயே திருப்பிப் பார்க்கலாமா, உள்ளே பல்சக்கரம் உடைஞ்சிடுமா?