எக்ஸ்சேஞ்ச் முடிந்த பிறகு புது ஃபிளாட் வேண்டாம் என்று விலக முடியுமா? (இங்கிலாந்து)

மில்டன்கீன்ஸ்_அம்மா:
வணக்கம். மில்டன் கீன்ஸ் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் பிளாக் ஒன்றில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், 3,20,000 பவுண்டு. போன அக்டோபரில் காண்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் ஆகிவிட்டது (இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டாயிற்று, இனி அது கட்டுப்படுத்தும்), 5% டெபாசிட் 16,000 கட்டியாச்சு. ஏப்ரலில் சாவி என்றார்கள், அப்புறம் ஜூலை, இப்போது ஜனவரி என்கிறார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். எங்கள் ஹாலுக்கு ஜன்னல் வர வேண்டிய இடத்தில் பிளைவுட் பலகை அடித்திருக்கிறது, சாரம்கூட இன்னும் இறக்கவில்லை. மார்ட்கேஜ் ஆஃபர் ஆறு மாதத்தில் முடிந்து, ஒரு தடவை நீட்டித்து, அதுவும் முடிந்துவிட்டது. இதற்கு நடுவில் போன மாதம் கணவருக்கு வேலை போய்விட்டது. என் ஒருத்தி சம்பளத்துக்கு அவ்வளவு கடன் கிடைக்காது என்று புரோக்கர் சொல்லிவிட்டார். 16,000 போனால் போகட்டும் என்று விலகிவிடலாமா? "எங்களால் வாங்க முடியாது" என்று பில்டருக்கு மெயில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. ராத்திரி தூக்கமே இல்லை.

ஸ்லவ்_குமார்:
புது வீடு என்றால் 14 நாள் யோசிக்க டைம் உண்டே? இல்லையென்றால் புது வீடுகளுக்கு வாரண்டி கொடுக்கும் என்ஹெச்பிசி-யில் டெபாசிட்டுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கன்வேயன்ஸிங்_அக்கா:
குமார் தம்பி, அந்த 14 நாள், வீட்டைப் பிடித்து வைக்க ரிசர்வேஷன் கட்டணம் கட்டும்போதுதான், எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு அது கிடையாது. என்ஹெச்பிசி டெபாசிட் பாதுகாப்பும் பில்டர் திவாலானாலோ மோசடி செய்தாலோதான். வாங்குபவர் மனசு மாறினாலோ வேலை போனாலோ அது வராது.

தங்கச்சி, முதலில் அந்த மெயிலை அனுப்பாதீர்கள். வாங்க மாட்டோம் என்று நீங்களே எழுத்தில் கொடுத்தால் ஒப்பந்தத்தை மீறியது நீங்கள் என்று ஆகிவிடும், பில்டர் தாமதித்த கதையெல்லாம் அப்போது எடுபடாது.

இரண்டாவது, 16,000-த்தோடு முடியும் என்று நினைக்காதீர்கள். வழக்கமான ஒப்பந்தத்தில் 5% வாங்கிக்கொண்டாலும் டெபாசிட் 10% என்றுதான் கணக்கு. வீடு ரெடி என்று நோட்டீஸ் வந்து, நீங்கள் பணம் கட்டாமல், கடைசி நோட்டீஸும் வந்தால் மீதி 16,000-ஐயும் கேட்பார்கள். ஆக 32,000. அதற்கு மேல், வேறு ஒருவருக்கு விற்கும்போது விலை குறைந்தால் அந்த நஷ்டத்தையும் கேட்கலாம். 2,70,000-க்கு விற்றால் நஷ்டம் 50,000, அதில் டெபாசிட் 32,000-ஐக் கழித்து மீதி 18,000 பவுண்டும் செலவும் உங்கள் தலையில். 1925 சொத்துச் சட்டம் பிரிவு 49-இல் டெபாசிட்டைத் திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒப்பந்தத்தில் 'லாங் ஸ்டாப் டேட்' என்று ஒரு தேதி இருக்கிறதா பாருங்கள். அதற்குள் பில்டர் முடிக்கவில்லை என்றால் டெபாசிட்டோடு விலக உங்களுக்கு உரிமை. எக்ஸ்சேஞ்ச் நேரத்தில் யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை, எனக்கு அதில் எப்போதும் ஆற்றாமைதான்.

ரெடிங்_வாசி:
எங்களுக்கு இதே நிலைமை வந்தது, ஆனால் லாங் ஸ்டாப் தேதிக்கு ஏழு மாதம் இருந்தது. சொலிசிட்டர் (வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீல்) மூலம் பேசி அதே சைட்டில் சின்ன ஃபிளாட்டுக்கு மாற்றிக்கொண்டோம், டெபாசிட்டும் அதிலேயே சேர்ந்தது. காலி ஃபிளாட் நிறைய இருந்ததால் ஒத்துக்கொண்டார்கள், எல்லா பில்டரும் இறங்கி வருவார்கள் என்று சொல்ல மாட்டேன். இன்னொன்று, உங்கள் சொலிசிட்டர் பில்டர் கைகாட்டியவர் என்றால் வெளியே ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நாங்கள் செலவழித்ததில் உருப்படியான செலவு அதுதான்.

மில்டன்கீன்ஸ்_அம்மா:
அக்கா, தேடிப் பார்த்தேன். பதினோராம் பக்கத்தில் இருக்கிறது, நவம்பர் 30. இன்று செப்டம்பர் 22. கை நடுங்குகிறது. பில்டரே ஜனவரி என்று சொல்லியிருக்கிறாரே, அப்படியென்றால்?

கன்வேயன்ஸிங்_அக்கா:
நல்ல சேதிதான், ஆனால் அந்தப் பாராவை முழுசாகப் படியுங்கள். "எங்கள் கையில் இல்லாத தாமதம்" என்றால் தேதி தள்ளிப்போகும் என்று எழுதியிருக்கிறதா? சில ஒப்பந்தங்களில் தேதி தாண்டியதும் குறிப்பிட்ட நாட்களுக்குள் விலகல் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும், அதையும் பாருங்கள். ஜனவரி என்று அவர்கள் அனுப்பிய மெயிலைப் பத்திரமாக வையுங்கள். சைட்டைத் தேதியோடு போட்டோ எடுங்கள். விற்பனை ஆபீஸிலிருந்து போன் வந்தால் வேலை போன விஷயத்தை வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள், எல்லாம் சொலிசிட்டர் வழியாகவே போகட்டும். நவம்பர் 30-க்கு முன்னாடியே பில்டர் வீட்டை முடித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள், ரெடிங்வாசி சொன்ன வழியை அப்போது கேட்கலாம்.

மில்டன்கீன்ஸ்_அம்மா:
வெளி சொலிசிட்டரிடம் காட்டினோம். தள்ளிப்போகும் ஷரத்து இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடுவதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இதுவரை எங்களுக்கு அப்படி ஒரு கடிதமும் வரவில்லை. தேதி தாண்டியதும் நோட்டீஸ் கொடுக்க எங்களுக்கு 20 வேலை நாட்கள். அவர் டிசம்பர் 1-க்கு நோட்டீஸைத் தயார் செய்து வைக்கிறார். மெயிலை அழித்துவிட்டேன். கணவர் ஞாயிறுதோறும் போய்ப் போட்டோ எடுத்து வருகிறார், இந்த வாரமும் அந்தப் பலகை அப்படியேதான் இருக்கிறது.