அப்பாவின் நினைவாக இலங்கை மலையகப் பயணம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துப் பக்கம். அப்பா போன ஆகஸ்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அப்பாவின் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உபதேசியாராக (வேதம் போதிக்கும் சபை ஊழியராக) இருந்தவர். 1854-ல் தோட்டத் தமிழர்களுக்கென்று அங்கே மிஷன் ஊழியம் தொடங்கியபோது நம் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசிமார் போனார்கள். அவர்களுக்குப் பல வருடம் கழித்துப் போனவர் தாத்தா. அங்கே அட்டன் என்ற ஊர்ப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக நடந்தே போய் ஜெபம் நடத்தினாராம். "ஒரு தடவையாவது அந்த மலையைப் பார்க்கணும்" என்று அப்பா கடைசிவரை சொன்னார்கள். போக முடியவில்லை.

அதனால் மே விடுமுறையில் அம்மா, நான், தம்பி குடும்பம் என ஆறு பேர் பத்து நாள் போகிறோம். பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தவும், கண் மங்கிய பெரியவர்களுக்குப் பெரிய எழுத்து வேதாகமம் கொடுக்கவும் ஆசை.

முதலில் விசா. டூரிஸ்ட் விசாவே போதும் என்கிறார் ஒருவர். ஊழியத்துக்குப் போகிறவர்கள் அப்படிப் போகலாமா? தப்பான வழியில் போய் அங்குள்ள சபைக்குச் சங்கடம் வரக்கூடாது. சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள். வேதாகமங்களை இங்கிருந்தே சுமப்பதா, கொழும்பில் வாங்குவதா? அப்புறம், தாத்தா இருந்த தோட்டத்தின் பெயர் எங்களுக்குத் தெரியாது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை எங்கே கேட்டுப் பார்க்கலாம்?

அம்மாவுக்கு முழங்கால் வலி. கொழும்பிலிருந்து அட்டனுக்கு ரயிலா, வேனா, எது சிரமமில்லாமல் இருக்கும்?