புதுப்பிப்பு: மொரிஸ் மைனர் டிஸ்ரிபியூட்டர், பழசுக்கே திரும்பிட்டன்

என்ர 1098 சிசி மொரிஸ் மைனர் காருக்குப் பழைய லூகாஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டரை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பிரிச்சுக் குடுக்கிற பாகம்) திருத்துறதா, புதுசு வாங்கிப் போடுறதா எண்டு போன மாசம் கேட்டிருந்தன்.

முதல்ல புதுசைத்தான் போட்டன். ஸ்டார்ட் உடனே வந்தது. ஆனால் கடுகண்ணாவ ஏத்தத்தில மிதிச்சா என்ஜின் 'கிணிங் கிணிங்' எண்டு தட்டத் தொடங்கிச்சு. டைமிங் லைட் பிடிச்சுப் பார்த்தால், வேகம் கூடக் கூட அட்வான்ஸ், அதாவது தீப்பொறி முந்தி வாறது, அளவுக்கு மிஞ்சி ஓடுது. கழட்டிப் பார்த்தன்: உள்ளே அந்த அட்வான்ஸை இழுத்துப் பிடிக்கிற ரெண்டு ஸ்பிரிங்கும் ஒரே மெல்லிசு. என்ர பழசில ஒண்டு மெல்லிசு, மற்றது நல்ல தடிப்பு. வித்தியாசம் அங்கதான்.

பழசின்ர ஷாஃப்டை ஆட்டினால் விரலுக்கே ஆட்டம் தெரிஞ்சது. அதாலதான் பொயின்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டுற தொடுமுனை) இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் மாறினது. ஷாஃப்ட் சுழலுற புது வெண்கல புஷ்ஷை (உறையை) இரவு முழுக்க என்ஜின் ஒயிலில ஊற வைச்சு, லேத் பட்டறையில அடிச்சு எடுத்தன். என்ஜின்ர உறிஞ்சலால அட்வான்ஸை மாத்துற வக்கூம் குழாயை வாயால உறிஞ்சிப் பார்த்தன், பொயின்ட் இருக்கிற தட்டு அசையேல்ல. உள்ளே இருக்கிற டயபிரம் (மெல்லிய சவ்வு) கிழிஞ்சிருந்தது, அதையும் மாத்தியாச்சு. பொயின்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைச்சன்.

இப்ப அதே ஏத்தத்தில தட்டலே இல்லை. எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோசம்.

பொயின்ட்டைத் திறக்கிற கேம் தேஞ்சிருந்தால் மட்டும் புதுசைப் பாருங்கோ. அப்பவும் பழைய ஸ்பிரிங்குகளை எறிஞ்சிடாதேங்கோ.