எஃகாலைக் கசட்டில் நீராவி விட்டு ஹைட்ரஜன்: நடக்கிற காரியமா?

நீராவிப்பித்தன்:
கன்வெர்ட்டர், அதாவது இரும்புக் குழம்பில் ஆக்சிஜன் ஊதி எஃகு ஆக்குகிற கலம். அதிலிருந்து கசடு, அதாவது எஃகின் மேல் மிதக்கிற கழிவு, 1600 டிகிரி சூட்டில் வெளியே வருகிறது. அதைக் குழியில் கொட்டித் தண்ணீர் அடித்து ஆறவைக்கிறார்கள். அந்தக் கசட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஃபெரஸ் ஆக்சைடு, அதாவது இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் வாங்கிக்கொள்ள இடமிருக்கிற இரும்பு ஆக்சைடு. சூட்டோடு சூடாக நீராவி விட்டால், நீரிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு அது மேக்னடைட் என்கிற காந்த இரும்பு ஆக்சைடு ஆகிவிடும். மிஞ்சுவது ஹைட்ரஜன். புது வித்தை ஒன்றுமில்லை. 1780களிலேயே லவாசியே பழுக்கக் காய்ச்சிய துப்பாக்கிக் குழலுக்குள் நீராவி விட்டு ஹைட்ரஜன் எடுத்தார், பலூனில் நிரப்பத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூடான இரும்பில் நீராவி விடுகிற ஆலைகளே ஓடின. இங்கே மூலப்பொருள் குப்பை, சூடு இலவசம். அப்புறம் ஏன் யாரும் பெரிதாகச் செய்யவில்லை?

கணக்குப்புலி:
இலவசம் என்று யாராவது சொன்னால் என் கை தானாகக் கால்குலேட்டரைத் தேடும். சுமார் 215 கிலோ ஃபெரஸ் ஆக்சைடு முழுசாக மேக்னடைட் ஆனால் கிடைப்பது 2 கிலோ ஹைட்ரஜன். ஒரு டன் கசட்டில் 200 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு துளி விடாமல் பிடித்தாலும் 1.9 கிலோ. ஒரு டன் எஃகுக்கு விழுகிற கன்வெர்ட்டர் கசடு 100 முதல் 150 கிலோ. ஆக, எஃகு டன்னுக்குக் கால் கிலோ ஹைட்ரஜன். நிலக்கரி இல்லாமல் ஹைட்ரஜனாலேயே தாதுவிலிருந்து எஃகு செய்ய டன்னுக்கு 50 கிலோவுக்கு மேல் வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நீராவிப்பித்தன்:
எஃகாலையையே இதில் ஓட்டலாம் என்று நான் எங்கே சொன்னேன்? பாழாகப் போகிற பொருளிலிருந்து கால் கிலோ வந்தாலும் வரவுதானே?

கசட்டுக்குழி:
தம்பி, கசட்டுக் களத்தில் 19 வருடம் நின்றவன் சொல்கிறேன், கேளுங்கள்.

கசட்டுப் பாத்திரத்தைக் கவிழ்க்கும்போது தேன் மாதிரி ஒழுகும். கொஞ்ச நேரத்தில் மேலே கறுப்பாக ஓடு கட்டிவிடும். விரிசல் வழியாகப் பார்த்தால் உள்ளே இன்னும் மஞ்சளாகத் தகதகக்கும். அதன்மேல் தண்ணீர் அடித்தால் ஆவி ஓட்டின் மேலேயே தவழ்ந்து போய்விடும், உள்ளே இறங்காது. நீங்கள் சொல்கிற வினையெல்லாம் அந்தத் தோலில்தான் நடக்கும். தோல் மேக்னடைட் ஆனதும் அடியில் இருப்பதற்கு நீராவி போய்ச் சேர்வதே கஷ்டம். பொடியாக்கினால் சேரும். பொடியாக்க முதலில் ஆறவைக்க வேண்டும், ஆறினால் சூடு போச்சு. சரி, சூட்டிலேயே வைத்து நீராவி விடலாம் என்றால், சூடு ஏற ஏற வினையின் சமநிலை ஹைட்ரஜனுக்கு எதிராகச் சாய்கிறது, கிடைப்பது குறைகிறது. சூட்டைக் குறைத்தால் வினை நத்தை வேகத்தில் நகர்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இன்னொன்று. கசட்டின் மேல் தண்ணீர் அடிப்பது வேறு, கசட்டுக்கு அடியில் தண்ணீர் மாட்டிக்கொள்வது வேறு. ஒரு மழைக்காலத்தில் குழியின் மூலையில் ஒரு சாண் தண்ணீர் தேங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவிழ்த்ததும் டமார் என்று ஒரு சத்தம், கிரேன் கேபின் கண்ணாடி முழுவதும் கசட்டுப் பொட்டு. தண்ணீர் ஆவியானால் 1600 மடங்கு விரியும் என்று பள்ளியில் படித்ததை அன்றைக்குத்தான் நம்பினேன். நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் டார்ச் அடித்து மூலையைப் பார்க்காமல் ஒரு பாத்திரத்தையும் கவிழ்க்க விட்டதில்லை.

புதுவரவு:
கசடுதான் சிமென்டுக்குப் போகிறதே, அது எப்படிக் குப்பை ஆகும்?

கணக்குப்புலி:
அது ஊதுலைக் கசடு, தாதுவிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கிற உலையில் விழுவது. அதில் இரும்பு ஆக்சைடு பெரும்பாலும் ஒரு சதவீதம்கூடத் தேறாது. தண்ணீர் பட்டால் அழுகிய முட்டை வாடைதான் வரும், கந்தகத்தின் வேலை. இங்கே பேச்சு கன்வெர்ட்டர் கசட்டைப் பற்றி.

நீராவிப்பித்தன்:
குழி அண்ணே, நீங்கள் சொன்னதிலிருந்தே ஒன்று கேட்கிறேன். கன்வெர்ட்டர் கசட்டில் சேராமல் நிற்கிற சுண்ணாம்பு இருக்கிறது. அப்படியே சாலைக்குப் போட்டால் ஈரம் குடித்து உப்பிச் சாலையையே தூக்கிவிடும். அதற்காக மாதக்கணக்கில் வெட்டவெளியில் போட்டு வைக்கிறார்கள். ஜப்பானில் நீராவி விட்டு அதைச் சில நாட்களில் முடிக்கிறார்கள். எப்படியும் நீராவி செலவாகிறது என்றால் அதே நீராவியில் ஹைட்ரஜனும் எடுக்கலாம், மேக்னடைட்டைக் காந்தத்தால் பிரித்தும் எடுக்கலாம். ஒரு கல்லில் மூன்று மாங்காய்.

கணக்குப்புலி:
மாங்காய் மூன்றும் மூன்று மரத்தில் இருக்கின்றன. சுண்ணாம்பை நீர்க்கவைக்கிற நீராவி 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. அந்தச் சூட்டில் ஃபெரஸ் ஆக்சைடு அசையாது. ஹைட்ரஜனுக்காக 700, 800 டிகிரிக்குப் போனால் சுண்ணாம்பு தண்ணீரை ஏற்காது, ஏற்றிருந்தாலும் 500 டிகிரியைத் தாண்டியதும் திருப்பி விட்டுவிடும். இரண்டையும் ஒரே அடுப்பில் சமைக்க முடியாது. காந்தத்தில் வருகிற மேக்னடைட்டோடு பாஸ்பரஸும் ஒட்டிக்கொண்டு வரும். அதை ஊதுலைக்கே திருப்பி அனுப்பினால், கன்வெர்ட்டரில் பாடுபட்டு விரட்டிய பாஸ்பரஸ் மறுபடி வீட்டுக்குள் வந்துவிடும்.

உருகிய ஒரு டன் கசட்டில் அடங்கிய சூடு மட்டும் சுமார் 450 யூனிட். உங்கள் 1.9 கிலோ ஹைட்ரஜனில் 63 யூனிட். ஏழு மடங்கு பெரியதை ஆறவிட்டு, சின்னதைத் துரத்துகிறீர்கள். அதே ஆலையில் நிலக்கரியைச் சுட்டு கோக் ஆக்குகிற கோக் அடுப்பிலிருந்து வருகிற வாயுவில் கன அளவில் பாதிக்கு மேல் ஹைட்ரஜன்தான், அதைச் சாதாரண எரிபொருளாக எரித்துத் தள்ளுகிறார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

நீராவிப்பித்தன்:
கோக் அடுப்பு வாயு நிலக்கரியிலிருந்து வருவது. கசட்டில் கார்பன் இல்லையே!

கணக்குப்புலி:
அந்த இரும்பைத் தாதுவிலிருந்து பிரித்ததே கோக்தான். தண்ணீரை உடைக்கிற வலு அங்கிருந்து வந்தது. கார்பன் கண்ணுக்குத் தெரியாததால் இல்லை என்று ஆகிவிடாது.

நீராவிப்பித்தன்:
இது வீண் வாதம். அந்த கோக் எஃகுக்காக ஏற்கெனவே எரிந்தாயிற்று, ஹைட்ரஜனுக்காக யாரும் கூடுதலாக ஒரு கரண்டி எரிக்கப்போவதில்லை. ஆனால் 450 யூனிட் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், அதை நான் போட்டுப் பார்க்கவில்லை. அப்படியென்றால் முதலில் சூட்டைப் பிடிக்க ஒரு சுழலும் டிரம் கட்டட்டும். உருகிய கசட்டைக் காற்றடித்து மணியாகச் சிதறவைத்து உள்ளே விடலாம், குழி அண்ணன் சொன்ன தோல் பிரச்சினையும் குறையும். 800 டிகிரியைக் கடக்கிற இடத்தில் நீராவி விட்டால் ஹைட்ரஜன் கூடவே வரும். வெளியே வருவதைக் குளிரவைத்தால் நீராவி தண்ணீராக இறங்கிவிடும், பிரிப்பதற்குத் தனிப் பாடு இல்லை.

கசட்டுக்குழி:
டிரம் யோசனை மோசமில்லை. சூட்டுக்காக என்றால் நானே கையெழுத்துப் போடுவேன். ஆனால் சூடு மட்டும் எடுக்கிற டிரம்மில் அங்கங்கே காற்று ஒழுகினால் யாருக்கும் கவலையில்லை. ஹைட்ரஜன் என்றதும் இரண்டு முனையிலும் சீல் வேண்டும். சுழல்கிற டிரம்முக்கு, அந்தச் சூட்டில், சுண்ணாம்புத் தூசி பறக்கிற இடத்தில். டிரம்முக்குள் காற்று புகுந்தால் ஹைட்ரஜன் அங்கேயே எரிந்துவிடும், உங்கள் 1.9 கிலோவும் போச்சு. குளிர்ந்த குழாயில் புகுந்தால் அதைவிட மோசம், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றுகிற சரக்கு அது. எங்கள் களத்தில் வெறும் தூசி உறிஞ்சுகிற குழாய்க்குப் போட்ட சீலே மூன்று மாதம் தாங்கவில்லை. எந்தச் சீல் போடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், மேலே பேசலாம்.